பேச்சை நிறுத்திய பட்டியல்

1. எங்கள் இணையதளத்தை வைத்திருக்கும் சர்வர் நிறுவனம், பழைய பதிப்புகள் இனி ஓடாது என்று மின்னஞ்சல் அனுப்பியது.
2. தளத்தைத் தாங்கும் அடிப்படை மென்பொருளான ஃப்ரேம்வொர்க்கை நான் புதிய பதிப்புக்கு மாற்றினேன்.
3. ஆர்டர் பக்கத்தில் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்ட நான் நம்பியிருந்த ஒரு லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிய ஆயத்த நிரல், புதிய பதிப்பில் ஓடவில்லை.
4. அதன் இடத்தில் வேறொன்றை வைத்தேன். பார்க்க முன்பைவிட நன்றாகவே இருந்தது.
5. மறுநாள் காலை அக்கா இன்டர்காமில் கூப்பிட்டு, “ஏட்டி, லிஸ்ட்டு பேச மாட்டேங்குது” என்றார்.

ராஜபாளையத்தில், மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து சுருட்டி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அக்கா என்று நான் சொல்வது, ஆர்டர் மேசையில் போன் எடுப்பவரை. கல்லூரி முடித்த வருடத்தில் ஒரு காய்ச்சலில் அவருக்குப் பார்வை போயிற்று. ஒரு காதில் போன், மறு காதில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வார்.

பழைய பட்டியலில் வாடிக்கையாளர் பெயரின் எந்தப் பகுதியிலிருந்தும் இரண்டு எழுத்து அடித்தால் போதும். “ஏழு பெயர்கள்” என்று குரல் சொல்லும். அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொரு பெயராக வாசிக்கும். கூப்பிட்டவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஆளைப் பிடித்துவிடுவார்.

அந்தப் பக்கத்தை நான் போட்டுக் கொடுத்த முதல் வாரத்தில் அவர் என் இருக்கைக்கே வந்தார். “எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க” என்றார். பரவாயில்லை அக்கா என்றேன். பிறகும் பல பேரிடம் அதைச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

உண்மையில் அந்த லைப்ரரியை நான் தேர்ந்தெடுத்தது அதன் நிறமும் வளைந்த ஓரங்களும் பிடித்ததால். வாசிப்பு மென்பொருளோடு அதை ஒரு முறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. முகம் தெரியாத யாரோ, எங்கோ உட்கார்ந்து, பார்வையில்லாதவர்களுக்கும் இது பேச வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறார். அதற்கான நன்றியை இரண்டு வருடம் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

லைப்ரரியின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். தனி ஆளாக இதற்கு மேல் பராமரிக்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று அவர் எழுதியிருந்தார். அதன் கீழே என்னைப் போலப் பலர் கேட்டிருந்தார்கள். நானும் கேட்டேன். யாருக்கும் பதில் இல்லை. கோபப்படவும் வழியில்லை, அவர் அதை இலவசமாகக் கொடுத்தவர். ஃப்ரேம்வொர்க்கை எழுதுபவர்களும், பழைய லைப்ரரிகள் ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பை வாசிக்காதது நான்.

பழைய லைப்ரரியின் நிரலை எங்கள் திட்டத்துக்குள் நகலெடுத்து ஓட்டப் பார்த்தேன். பதினோரு நாள். பட்டியல் விரிந்தது, பேசவில்லை. பிறகு நானே ஒரு தேடும் பெட்டி எழுதினேன். என் மடிக்கணினியில் அது ஒழுங்காகப் பேசியது. அக்காவின் கணினியில், ஒரு பெயரை வாசித்துவிட்டு அதற்கு அடுத்த பெயரைத் தேர்ந்தெடுத்தது. அது தெரிவதற்குள் சிவகாசிக்குப் போக வேண்டிய பேண்டேஜ் பெட்டிகள் தென்காசி போய்விட்டன.

அன்றே அதை எடுத்துவிட்டு, உலாவியில் இயல்பாக வரும் எளிய பட்டியலை வைத்தேன். அது பேசும். ஆனால் பெயரின் தொடக்க எழுத்துகளை வைத்து மட்டுமே தேடும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஸ்ரீ என்று தொடங்குகிறார்கள். மீதியில் பாதி நியூ. அக்கா அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தார். போனில் இருந்த மருந்துக்கடைக்காரர், “லைன்ல இருக்கியளா?” என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“இருக்கேன் சார். உங்களுக்கு முன்னால முப்பது ஸ்ரீ நிக்கிதாவ” என்றார் அக்கா.

தென்காசி விஷயத்துக்குப் பிறகு மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “சிஸ்டம்னா மாறத்தான் செய்யும். அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மாசக் கடைசி வரை பாப்போம். சரியாகலைன்னா போனை வேற பிள்ளைட்ட குடுத்துட்டு, நீங்க பேக்கிங்ல உக்காருங்க. சம்பளம் குறையாது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அக்கா, “ரோலை எண்ணி அட்டைப் பெட்டில போடுததுக்கா பி.ஏ. படிச்சேன்?” என்றார்.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இருவருக்கும் ஒரே பேருந்து. அங்கிருந்து அவர் மம்சாபுரம் வண்டி பிடிப்பார். அன்று இடம் கிடைத்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்தப் பழைய லிஸ்ட்டு பேசுனது நான் செஞ்சதில்ல. அதுலயே இருந்திருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்போ ரெண்டு வருசமா நான் சொன்ன நன்றியெல்லாம்?”

“வாங்கிக்கிட்டேன்.”

“நல்லா வாங்குன.” சிரித்தார். “தெரியாம ஒண்ணு நல்லாச் செஞ்சிட்ட. தெரிஞ்சு செய்யத்தான் வர மாட்டேங்குது உனக்கு.”

நானும் சிரிக்கப் பார்த்தேன். பைக்குள் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீ கட்டுனதுன்னுதான் நீயே சரி பண்ணிருவன்னு தைரியமா இருந்தேன்ட்டி.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கம்பைத் தட்டிக்கொண்டே மம்சாபுரம் வண்டியை நோக்கி நடந்தார்.

இன்றைய நிலை இதுதான். எளிய பட்டியல்தான் ஓடுகிறது. ஆர்டர் மேசையின் இரண்டு போன்களில் ஒன்று கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணின் மேசைக்குப் போய்விட்டது. தேடும் பெட்டியை மூன்று விதமாகத் திருத்தி எழுதிவிட்டேன். அக்காவின் கணினியில் அது இன்னும் ஒன்றை வாசித்து வேறொன்றைத்தான் எடுக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.