டிரையலுக்கு எந்த ஸ்லைடு?

அம்மாவின் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. போன மாசம் கடுகு சைஸ். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால்… மிளகு சைஸ்!

போட்டோவில்தான், பதறாதீர்கள். நான்தான் பதறிப்போனேன். அப்பா எடுத்த ஸ்லைடுகள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போமே அந்தச் சின்னச் சின்ன ஃபிலிம் சட்டங்கள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரி வெள்ளம் குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது ஆல்பமெல்லாம் கூழாகிவிட்டது. பரண்மேல் இருந்த இந்த டப்பா மட்டும்தான் தப்பித்தது. இப்போது இதிலும் பூஞ்சை. அம்மா, அப்பா இரண்டு பேருமே இல்லை. அம்மாவாவது டப்பாவில் இருக்கிறார். கேமரா பிடித்த அப்பா? அடையாள அட்டையில் முறைக்கிறாரே, அந்த ஒரு முகம்தான் மிச்சம்.

சரி, ஸ்கேன் பண்ணிவிடலாம். எதில்? கடையில் கொடுத்தால் டப்பாவையே தொலைத்துவிட்டு ‘சாரி மேடம்’ என்பார்களோ என்று பயம். ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிற ஸ்கேனர் என்றால், முடிப்பதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளுமோ என்று பயம். அடுக்கி வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஆட்டோ ஃபீட் மிஷின்… அது கடித்துத் துப்பினால்?

என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை, குவாலிட்டி செக்‌ஷன். அந்த ஆட்டோ ஃபீட் மிஷினையே நண்பரிடம் இரவல் வாங்கிவந்துவிட்டார்.

“இன்னாத்துக்கு இப்படி நடுங்கிக்கினு கீற? லைன்ல எப்பவுமே மொதல்ல ஒரு பீஸ் ஓட்டிப் பார்ப்போம். அது ஓகேன்னாதான் மத்தது. வீணாப்போனாலும் பரவால்லன்னு ஒண்ணு எடுத்துக் குடு.”

பரவாயில்லையா? எதைக் கொடுப்பது? கோயில் படியில் அம்மாவையா, தொட்டிலில் தம்பியையா? டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் தேடியதில் ஒன்று சிக்கியது. கோணல்மாணலாக, மங்கலாக, யாரோ ஒரு ஆள். தலையே இல்லை! அப்பாவா இவ்வளவு மட்டமாக எடுத்தார்? போனால் போகட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

மிஷின் இழுத்தது. லேப்டாப்பில் படம் பளிச்சென்று வந்தது. கூடவே ‘கரக்’ என்று ஒரு சத்தம். ஸ்லைடு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

“நல்லவேளை… வேஸ்ட் பீஸு” என்றார் சேகர்.

நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். தலையில்லாத அந்த ஆளின் இடது கையில் ஆறு விரல்.

எங்கள் குடும்பத்தில் ஆறு விரல் அப்பாவுக்கு மட்டும்தான். பஸ்ஸில்கூட அந்தக் கையை பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பார். அவரை நிற்கவைத்து அம்மாதான் கேமராவைப் பிடித்திருக்க வேண்டும்… தலையை வெட்டிவிட்டு!

“ஐயோ, அது அப்பாங்க! இழுக்காதீங்க!”

அதுவரை பெரிய சூரராக இருந்த சேகர் ஸ்க்ரூ டிரைவரை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தார். மூடியைக் கழற்றி மெல்ல உருவினார். ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் அழுதேன்.

கையால் வைக்கிற ஸ்கேனரே ஆர்டர் போட்டாகிவிட்டது. நாளைக்கு வருகிறதாம். பூஞ்சையோடு போட்டி போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

“அதுலயும் மொதல்ல ஒரு பீஸ் ஓட்டிப் பார்க்கணுமே… எதைக் குடுப்ப?” என்கிறார் சேகர், இப்போது கொஞ்சம் பயந்த குரலில்.

தேடிப் பார்த்துவிட்டேன். இந்த டப்பாவில் வேஸ்ட் பீஸ் ஒன்றுகூட இல்லை.