ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இளவரசன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும் சத்தமும் ஓய்ந்த பிறகு, எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டின் பேஸ்மன்டில் சிம்மாசனச் சண்டை தொடங்கும். சண்டை பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா. மற்றவர் அப்பாவின் ஊர்க்காரர், கலியாணம் செய்யாமல் இதே பெருநகரின் மற்றக் கோடியில், லவாலில் தனியாக இருந்தவர். எங்களுக்கு அவர் லவால் மாமா. லவாலுக்கு மெட்ரோ வராத காலத்திலும் அவர் தவறாமல் வந்தார். மெட்ரோ வந்த பிறகு, ஒரேஞ்ச் லைனின் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலும் நெடுநேரம் குந்தியிருந்து வந்தார். பனி கொட்டினாலும் வருவார். சண்டை பிடிப்பதற்காக இவ்வளவு தூரம் பயணம் செய்யும் மனிதர் வேறு ஒருவரையும் நான் கண்டதில்லை.

சண்டை ஐந்நூறு வருடப் பழசு. யாழ்ப்பாணத்தை அரசர்கள் ஆண்ட கடைசிக் காலத்தில், ஒரு கிழ ராசாவுக்குப் பல பிள்ளைகள். பட்டத்து ராணிகளின் பிள்ளைகள் இருக்க, வேறொருவன் தானே இளவரசன் என்று எழுந்து நின்றான். கடைசியில் ஆட்சியையும் பிடித்தான். அவன் ராணியின் வயிற்றில் பிறந்தவனா, ராசா வைத்திருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தவனா என்பதுதான் வழக்கு. பின்னாளில் எழுதப்பட்ட ஒரு பழைய வரலாறு அவனை வைப்பின் மகன் என்று சொல்கிறது. லவால் மாமா அந்த வரலாற்றின் கட்சி. அப்பா இளவரசனின் கட்சி.

எப்போதும் அப்பாதான் தொடங்குவார்.

"அண்ணை, எழுதினவன் கண்டவனோ?"

"காணாட்டிலும் எழுதிப்போட்டான் தம்பி. எழுத்திலை இருக்கிறதை நாங்கள் அழிக்கேலாது."

"ராசாவே தன்ர பிள்ளை எண்டு மடியிலை வைச்சிருக்கிறார். இருநூறு வருசம் கழிச்சு வந்து எழுதினவனுக்கு என்ன வருத்தம்?"

"மடியிலை வைச்சவர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"வைக்கேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இப்படியே போகும். அம்மா ரோல்ஸ் தட்டோடும் தேத்தண்ணியோடும் படியிறங்கி வந்து, "செத்த ராசாமாருக்கெல்லாம் நான்தான் தேத்தண்ணி ஊத்திறன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்காக எங்கள் வீட்டில் எத்தனை பெட்டி தேயிலை முடிந்திருக்கும் என்று நானும் யோசித்ததுண்டு.

அப்பா கோபக்காரர் அல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கும் வேலை செய்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, bonjour, merci என்ற இரண்டு சொல்லும்தான்; முப்பது வருடத்தை அந்த இரண்டையும் வைத்தே ஓட்டினார். யாராவது காலை மிதித்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் அந்த இளவரசன் விஷயத்தில் மட்டும் முகம் சிவந்து, சோபாவின் கையில் ஓங்கி அடிப்பார். ஒருமுறை லவால் மாமா "வைப்பின்ர மகன் வைப்பின்ர மகன்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னதற்கு, அப்பா எழுந்து மேலே போய்விட்டார். பாவம் மனிதர், ரோல்ஸைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். அடுத்த ஞாயிறு எதுவும் நடக்காதது போல வந்து மணி அடித்தார்.

எனக்குப் பதினைந்து வயதில் இதெல்லாம் பெரிய வெட்கம். பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது கீழே சத்தம் கேட்டு, என்ன பிரச்சினை என்று பயந்துபோய்க் கேட்டாள். ஓர் இளவரசனைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றேன். உங்கள் சொந்தக்காரனா என்றாள். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. Oui, ஆம் என்று சொல்லி முடித்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியாது.

அப்பாவிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. என் பிறப்புச் சான்றிதழை அவர் என் கையில் தந்ததே இல்லை. பள்ளிக்கூடம், கடவுச்சீட்டு, எதுவானாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வருவார். கோட்டுக்குள்ளிருந்து பழுப்பு உறையை எடுத்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே அலுவலரிடம் நீட்டுவார். அவர்கள் பார்த்து முடித்ததும் அதே மாதிரிக் கவிழ்த்து வாங்கி உறைக்குள் வைப்பார். என் கலியாணத்துக்குப் பதியப் போன இடத்திலும் இதுதான் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. "அப்பா, நான் சின்னப்பிள்ளையே? துலைச்சுப்போட மாட்டன்" என்று எரிந்து விழுந்தேன். அவர் "ஓம், ஓம்" என்று சொல்லி, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். என்னை நம்பவில்லை என்று அன்று முழுக்க எனக்கு மனத்தாங்கல்.

போன மாரியில் அப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்து சில வாரங்கள் கழித்து, பத்திரங்களை ஒழுங்குபடுத்த இருந்தபோதுதான் அந்த உறை முதன்முதலாக என் கைக்கு வந்தது. ஊரில் தந்த மூலப் பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கட்டம். அதில் கறுப்பு மையில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடி போடாமலே அது என்னவென்று கண்டுகொண்டார்.

"கோயிலிலை தாலி கட்டினது. கலியாணம் பதிஞ்சு எழுத்து எழுதப் போறதுக்குச் சண்டையாலை ரோட்டெல்லாம் பூட்டு. பேந்து எழுதுவம் எண்டு இருந்தம். பேந்து கொப்பர் இஞ்சாலை வெளிக்கிட்டிட்டார். நீ பிறந்தாப்போலை உன்னைப் பதிய நான் தனியாத்தான் போனனான். கலியாண எழுத்து எங்கை எண்டு கேட்டினம். என்னட்டை இல்லை. அப்பிடியே எழுதிப்போட்டினம்."

"இதிலை என்ன கிடக்கு அம்மா?"

"உனக்கு ஒண்டுமில்லை. அவர்தான், பிள்ளை வாசிச்சால் என்ன நினைக்கும் எண்டு சாகுமட்டும் பயந்தவர்."

நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். பேஸ்மன்டில் அடிபட்ட சோபா, அந்தச் சிவந்த முகம், கவிழ்த்து நீட்டிய தாள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அப்பா முப்பது வருடமாக அந்த இளவரசனுக்காகச் சண்டை பிடிக்கவில்லை. எனக்காகத்தான் பிடித்திருக்கிறார். வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்துத்தான் உறையிலிருந்த மற்றத் தாளைப் பார்த்தேன், அவர் கவிழ்த்துப் பிடித்த அதே தாள். பிரெஞ்சில் அதே கட்டம். அதற்கு நேரே இருந்தது: Oui.

அடியில் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை. கையொப்பம் லவால் மாமாவுடையது. பகலில் தொழிற்சாலை வேலை, பின்னேரங்களில் தமிழ் ஆட்களின் பத்திரங்களைப் பிரெஞ்சாக்கிக் கொடுப்பது என்று அவர் வாழ்ந்த காலம் அது. பிரெஞ்சு தெரியாத அப்பா, ஆம் என்று எழுதிய தாளைத்தான் இத்தனை வருடமும் ஒளித்து வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு லவாலுக்குப் போனேன். அவர் வீட்டில் ஒரு கதிரையில் பேப்பர்கள், மற்றதில் அவர். பேப்பர்களை எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு நான் இருந்தேன். இரண்டு தாள்களையும் அவர் முன்னால் விரித்தேன். அவர் குனிந்து, தன்னுடைய கையொப்பத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்திலை இருக்கிறதை அழிக்கேலாது எண்டு நீங்கள்தானே சொல்லுவியள், மாமா?"

"அது ராசா வீட்டுக் கதை பிள்ளை. அங்கை நான் இருக்கேல்லை." விரலால் என் பத்திரத்தைத் தொட்டார். "இது எனக்குத் தெரியும். அந்தக் கலியாணத்திலை பந்தியிலை இருந்து சாப்பிட்டவன் நான். கறி வாளி தூக்கினவனும் நான்தான். பதிஞ்சவங்கள் காணாமல் எழுதினவங்கள். நான் கண்டு எழுதினனான்."

எனக்கு மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "அப்பாட்டை ஏன் சொல்லேல்லை? மனுசன் பயந்து பயந்தெல்லோ செத்தது?"

"அவர் பயந்துகொண்டு திரிஞ்சது எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன்." குரல் உடைந்தது. "முதலிலை, பிழையான வேலை எண்டு சொல்லாமல் விட்டனான். பேந்து வேறை ஒரு காரணம். சொன்னால் கொப்பர் நன்றிக்கடன் எண்டு எனக்கு விட்டுத்தந்திடுவார். அதுக்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமையிலை ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

அவர் வீட்டில் ரோல்ஸ் இல்லை. தேத்தண்ணியும் நானே எழும்பி ஊற்றினேன். கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்பா இருக்கிற மாதிரிச் சாய்ந்து இருந்தேன்.

"மாமா, எழுதினவன் கண்டவனோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"காணாட்டிலும் எழுதிப்போட்டான் பிள்ளை," என்று தொடங்கினார்.