பாவு நீட்டிய தெருவுக்கும் வீட்டு வரியா?

வாசகசாலைத் தோழர்களே, சூடு ஆறுமுன் இதைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று காலை எங்கள் வாசலில் தறிக்கான பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக்கினு இருந்தோம். வீட்டு வரி போட வந்த முனிசிபாலிட்டி குமாஸ்தா தெருவையும் சேர்த்து அளந்து எழுதினார்.

"வேலை இங்கேதானே நடக்குது? இதுவும் உங்க வீடுதான்."

நைனாவுக்கு முகம் வெளுத்தது. வரி இன்னும் ஏறினால் வீடு கையை விட்டுப் போகும்.

நான் விடவில்லை. "எங்க வீட்டுக்குள்ளே செருப்போட நிக்கிறீங்களே சார், கழட்டுங்க."

பக்கத்து வீட்டு மாமா, "அடுத்தது எங்க வீடு சார், செருப்பைக் கையிலேயே வச்சிக்குங்க" என்றார்.

தெருவே சிரித்தது. குமாஸ்தா, "தெரு முனிசிபாலிட்டியோடதுதான்பா" என்று முனகி, எழுதியதை அடித்தார்.

நாளை உங்கள் தெருவாம். அவரை எதைக் கழற்றச் சொல்வீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.