பதினேழு நிமிடம் என்ற பொய்

நேற்று மாலை மகளுக்காக மாஜோங் காகிதம் வாங்கப் போனேன். சூதாட்ட மேசையில் விரிக்க வந்த காகிதம் எப்படித்தான் இந்த நாட்டுப் பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் ஏறிக்கொண்டதோ தெரியவில்லை. கடைக்காரர் இரண்டு தாளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். வீட்டுத் தரையில் விரித்து, மூலைக்கு ஒன்றாக மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் வைத்து, மகள் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் பழைய வகுப்பறைத் தரைக்கே போய்விட்டேன்.

வகுப்பில் யார் யார் தினமும் எத்தனை மணி நேரம் கைத்தொலைபேசி பார்க்கிறார்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம். மகள் மளமளவென்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, இந்த ஒருத்தன் மட்டும் பதினோரு மணி நேரம்னு எழுதியிருக்கான். கிராஃப் அசிங்கமா போகுது. இவன விட்டுரலாம் லா."

"விடக் கூடாது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு.

"ஏம்மா? வெறும் ஹோம்வொர்க்தானே?" என்று திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

அவளிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைப் பற்றி அவளுக்கு இருக்கும் நல்லெண்ணம் கொஞ்சம் குறையும். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

நான் படித்தது சிங்கப்பூருக்கு வடக்கே கோத்தா திங்கி என்ற ஊரில். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் எட்டே நிமிடம். ரொட்டிச் சானாயைக் கடைசி வாய் விழுங்கியபடியே சைக்கிளை எடுத்தாலும் மணி அடிப்பதற்குள் போய்விடுவேன். கணிதத்தில் நான் சுமார்தான். எக்ஸ் என்னிடம் ஒருநாளும் அகப்பட்டதில்லை. சமன்பாட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவும்போது குறியை மாற்ற மறந்துவிடுவேன். ஆனால் கோடு போடச் சொன்னால் பிசகாமல் போடுவேன். அதனால் பதினான்கு வயதில், இரண்டாம் படிவ வகுப்பில் புள்ளியியல் பாடம் வந்தபோது வகுப்பில் திடீரென்று எனக்கு மரியாதை கூடிவிட்டது.

சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கணித சார். தமிழர். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். எண்களை வரிசையாக எழுதி வைத்தால் ஒன்றும் தெரியாது, கோட்டின் மேல் புள்ளியாக வைத்துப் பாருங்கள் என்பார். குவியல் எங்கே, இடைவெளி எங்கே, வால் எந்தப் பக்கம் நீளுகிறது என்று கேட்பார். சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் ஒரே கூட்டத்தைப் பற்றி மூன்று பேர் சொல்லும் சாட்சி மாதிரி என்பார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கணக்கு முதல் தடவையாக என் கண்ணுக்குப் படமாகத் தெரிந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பரமேஸ்வரி. நாங்கள் பரமேஸ் என்போம். தூரத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருவாள். முதல் பாடவேளையில் அவள் தலைமுடி எப்போதும் பனியில் நனைந்திருக்கும். காலணி இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவந்து, பள்ளிக்கூட வாசல் குழாயில் செம்மண் போகக் காலைக் கழுவி, அப்புறம்தான் போட்டுக்கொள்வாள். வெள்ளைக் காலணியில் ஒரு பொட்டு மண் இருந்தாலும் பெயர் எழுதிவிடுவார்கள். எழுதுகிற மாணவர் தலைவிகளில் நானும் ஒருத்தி. தலைவிகள் மட்டுமே போடும் அந்த நீலப் பாவாடைக்கு அப்போது எவ்வளவு கர்வம் தெரியுமா!

பள்ளியில் கணித வாரம் வந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்து சுவரில் மாட்ட வேண்டும். எங்கள் வகுப்புக்குச் சார் கொடுத்த தலைப்பு, வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை நிமிடம். முப்பத்தாறு பேர். பெரும்பாலானோர் வாய்க்கு வந்ததைச் சொன்னோம். பத்து, பதினைந்து, இருபது. நான் எட்டு என்று சொன்னதுகூட உத்தேசம்தான்.

பரமேஸ் மட்டும் அளந்துகொண்டு வந்தாள். அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் முழுக்கக் குறித்திருந்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து லோரி நிற்கும் இடத்துக்கு நடை இருபத்தைந்து. தோட்டத்து லோரியில், பெரிய சாலை பிரியும் சிம்பாங் வரைக்கும் முப்பது. அங்கே பஸ்ஸுக்காக நிற்பது இருபது. பஸ்ஸில் நாற்பது. ஐந்து நாளையும் கூட்டி வகுத்து, நூற்றுப் பதினைந்து என்று எழுதிக் கொடுத்தாள். முப்பத்தாறு எண்களில் உண்மையாக அளக்கப்பட்டது அது ஒன்றுதான். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அவளும் வகுப்பறைத் தரையில் மண்டியிட்டு வரைந்தோம். ஒரு மாஜோங் தாள் நாற்பதோடு முடிந்துவிட்டது. நூற்றுப் பதினைந்து வரை போக இன்னும் இரண்டு தாள் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டினோம். இடப்பக்கம் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அப்புறம் நீளமாக வெறும் வெள்ளை. கடைக்கோடியில் ஒற்றைப் புள்ளி. அதைப் பரமேஸே வைத்தாள். சிவப்பு மார்க்கரால் வைத்துவிட்டு, "பாரு, நான் சிங்கப்பூர் பக்கம் போயிட்டேன்" என்று சிரித்தாள்.

சார் வந்து பார்த்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு புள்ளிக்காக ரெண்டு தாளா? சுவத்துல எங்க மாட்டுறது? ஹெட்மாஸ்டர் பாத்தா என்னைத்தான் கேப்பாரு."

"சார், அது பரமேஸோடது சார்," என்றேன்.

"தெரியுது லா. தனியா விலகி நிக்கிறத எடுத்துட்டா படம் அழகா இருக்கும். இடைநிலை பாரு, அவ இருந்தாலும் பதினஞ்சு, இல்லாட்டியும் பதினஞ்சு. சராசரிதான் கெட்டுப்போகுது. எடுத்துட்டா பதினேழு. வெட்டிடு."

அவள் இருந்தாலும் பதினைந்து, இல்லாவிட்டாலும் பதினைந்து. ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சாருக்கு அது கணிதம். எனக்கும் அன்று அது கணிதமாகத்தான் கேட்டது.

கத்தரிக்கோலை நான்தான் எடுத்தேன். தாள் வழுக்கியது. "நான் பிடிச்சுக்கிறேன், நீ வெட்டு," என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள் பரமேஸ். நேராக வெட்டினேன். எவ்வளவு நேராக வெட்டிவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன். வெட்டிய துண்டை அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் பாராட்டினார்கள். எங்கள் படத்துக்கு முதல் பரிசு. தலைமையாசிரியர் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டார்.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? குளித்துத் துவைத்த புடவை கட்டி வந்தாலும் அந்தக் களைக்கொல்லி வாடை போகாது. ஒருநாள் பாடவேளையின் நடுவில் அலுவலகத்துக்கு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் அந்த வாடைதான் வந்தது. நாற்காலியின் நுனியில் பரமேஸின் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம். தோட்டத்துப் பெற்றோர்கள் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் சொல்லி எழுதிக் கையெழுத்து வைத்தது. பள்ளி பஸ் சிம்பாங் வரைக்காவது வர வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடம் மாவட்ட அலுவலகத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டும் என்பது கோரிக்கை. தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். மொழிபெயர்க்க நான்.

தலைமையாசிரியர் கெட்ட மனிதர் மாதிரியே பேசவில்லை. புன்னகையோடு சுவரைக் காட்டினார். இதையெல்லாம் ஏற்கெனவே கணக்கெடுத்து மேலே அனுப்பிவிட்டோம், இந்தப் படத்தைப் பாருங்கள், எங்கள் மாணவர்கள் சராசரியாகப் பதினேழு நிமிடத்தில் வந்துவிடுகிறார்கள், முப்பத்தைந்துக்கு மேல் ஒருவரும் இல்லை, பஸ் கேட்க என்ன காரணம் காட்டுவது என்றார். நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அம்மா எழுந்துபோய்ப் படத்தின் முன்னால் நின்றார். புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, எம் பொண்ணு இந்த கிளாஸ்லதானே படிக்கிறா? இதுல அவ எங்கம்மா இருக்கா?"

அம்மா தலைமையாசிரியரைக் கைகாட்டினார்.

"கேளும்மா அவர்கிட்ட. நாலர மணிக்கு எழுந்திரிச்சுப் போற புள்ள எங்கன்னு கேளு."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். அந்தப் பிள்ளை எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். இந்தப் படத்தில் இன்னும் இரண்டு தாள் இருந்தது, நான்தான் வெட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சார் மாட்டிக்கொள்வார், என் நீலப் பாவாடை போய்விடும், பரிசு போய்விடும். பதினான்கு வயதில் இவ்வளவும் ஒரே நொடியில் கணக்கிடத் தெரிந்திருந்தது எனக்கு. எக்ஸ் மட்டும்தான் தெரியாது.

"நன்றி சொல்றாங்க, துவான்," என்று மலாயில் சொன்னேன். தெரிமா காசே.

"சாமா-சாமா," என்று நன்றிக்குப் பதில் மரியாதை சொன்னார் அவர், மிகவும் மகிழ்ந்து.

தெரிமா காசே என்ற இரண்டு சொல் தெரியாதவர் இந்த நாட்டில் யார்? அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நடைவழிக்கு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் நன்றியாம்மா சொன்னேன்?"

வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

ஆண்டுக் கடைசி மழையில் செம்மண் சாலை கரைந்து, லோரி வராத நாட்கள் அதிகமாயின. பரமேஸ் தாமதமாக வந்தாள். வாசலில் நின்று அவள் பெயரை எழுதியவர்களில் நானும் உண்டு. மூன்றாம் படிவத்தின் நடுவில், பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு. அதையும் யாரோ அடிமட்டம் வைத்து நேராகத்தான் போட்டிருந்தார்கள். சார் பதிவேட்டை மூடி வைத்தார். அன்றும் பாடம் நடத்தினார்.

பள்ளி முடித்துப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். பாருங்கள் வேடிக்கையை, அங்கே என் வேலையே புள்ளி வைப்பது! வரிசையில் வரும் திருகாணிகளை அளந்து தாளில் குறிக்க வேண்டும். முதல் வாரமே ஒரு புள்ளி கூட்டத்தை விட்டு விலகி விழுந்தது. பழைய பழக்கம்; அழித்துவிட்டு வேறொன்றை அளந்து குறித்தேன். மேற்பார்வையாளர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் கத்தியேவிட்டார்.

"அலமாக்! ஏன் அழிச்சே? தூரமா போனதத்தான் முதல்ல பாக்கணும். என்னமோ நடந்திருக்கு, அதான் அது அங்க போயிருக்கு."

எந்திரத்தை நிறுத்தினார்கள். நான்கு பேர் கூடி நின்று, அந்த ஒற்றைத் திருகாணி ஏன் அப்படி வந்தது என்று ஒரு மணி நேரம் தேடினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கம் என்று நினைக்காதீர்கள், ஆத்திரம். ஒரு திருகாணிக்கு ஏன் என்று கேட்க நான்கு பேர் இருந்தார்கள். பரமேஸுக்கு ஏன் என்று கேட்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இல்லை. கேட்க வந்த ஒரே ஆளின் வாயை நான் அடைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாலை வேலை முடிந்து பல கம்பெனிக்கும் பொதுவான தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியபோது, வேறொரு கம்பெனிச் சட்டை போட்ட பெண் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. எழுப்பினேன். பரமேஸ் கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, சிரித்தாள். நிறையப் பேசினோம். கடைசியில்தான் எனக்கு வாய் வந்தது.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு பரமேஸ்."

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? நான் பேப்பர பிடிச்சவதானே." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கம்மா போய் ஆறு மாசம் ஆச்சு. நெஞ்சுல சளி, சளின்னு சொல்லிக்கிட்டே போயிட்டாங்க. உன்னப் பத்திக் கேப்பாங்க. அந்த நன்றி சொன்ன புள்ள எப்படி இருக்குன்னு."

"கோவமாவா?"

"இல்ல. சும்மாத்தான் கேப்பாங்க. அதான் எனக்குக் கோவம்."

அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் பின்னாளில் எத்தனை முறை அழைத்தும் வேறு யாரோ எடுத்தார்கள்.

போன வருடம் அந்த வழியாகக் காரில் போக நேர்ந்தது. செம்பனை மரங்கள் இல்லை. லயங்களை இடித்துவிட்டுப் புது வீடுகளாகத் தாமான் கட்டியிருக்கிறார்கள். சாலை தார் போட்டுப் பளபளக்கிறது. சிம்பாங்கில் பஸ் நின்ற கொட்டகையும் இல்லை, அந்த பஸ்ஸும் இல்லை. தாமான் வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அங்கிருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போயிற்று. இந்தச் சாலையையும் இந்த வேனையும் கொண்டுவர மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கேட்டவர்கள் அங்கே இருந்தவரைக்கும் கொண்டுவரவில்லை.