சுவரைப் பார்த்து நின்றவள்

சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு குடியிருப்பு அப்படி அவசரப்பட்டுச் சொன்ன பதிலால்தான் சுவரக்காவின் சமையலறையில் காய்கறிக் கூடை கவிழ்ந்து கிடக்கிறது.

அந்தக் குடியிருப்பில் இருபத்துச் சொச்சம் வீட்டுக்காரர்கள் சேர்ந்து காய்கறிச் சங்கம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை விடியும்போது மொத்தச் சந்தைக்கு ஒரு வண்டி போகும். கடைக்காரர் லாபம் நடுவில் நுழையாமல் மூட்டைகள் நேராக வண்டிக் கொட்டகைக்கு வந்து இறங்கும். தார்ப்பாயில் கொட்டி, வீட்டுக்கொரு குவியலாகப் பிரிப்பார்கள். விலை மலிவு, காயும் புதுசு. ஆனால் ஆரம்பத்தில் பிரித்து முடிப்பதற்குள் கைகலப்பு வந்துவிடும். வாயுள்ளவனுக்குக் கெட்டித் தக்காளி, வாயில்லாதவளுக்கு நசுங்கியது.

அதற்கு வழி கண்டவள் சுவரக்காதான். தையல் ஆலையில் வேலை பார்த்தவள். குவியல்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் நின்றுகொள்வாள். அதில் ஒட்டிக்கொண்ட பேர்தான் சுவரக்கா. ஒருவர் ஏதோ ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பாமலே, "மெக்கானிக் வீடு" என்பாள். "இது?" "நர்ஸம்மா வீடு." எந்தக் குவியல் யாருக்குப் போகும் என்று எவருக்கும் தெரியாததால், பிரிக்கிறவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிரித்தாக வேண்டும். சாமியும் வேண்டாம், போலீசும் வேண்டாம், ஒரு முதுகு போதும் என்று ஆனது. தன் வீட்டை மட்டும் கடைசியில் சொல்வாள். நாளைக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே.

இன்னொரு விதியையும் அவளே கொண்டுவந்தாள். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் பங்கு வாங்க மட்டும் காரில் வந்து இறங்குவார். மூட்டை என்றால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். "மூட்டை தூக்காதவங்களுக்குப் பங்கு இல்லன்னு வெச்சுருவோம்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி மறுவாரமே விலகிக்கொண்டார். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

பிறகு ஒரு நாள் ஆலை இயந்திரம் அவளுடைய வலது தோளைத் தின்றது. குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஆலை, நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல், அவளை வெளியே அனுப்பியது. வீட்டில் புருஷன் இருக்கிறார். லாரி ஓட்டியவர், சர்க்கரை நோய்க்கு ஒரு பாதத்தைப் பறிகொடுத்தவர். கீரையும் காயும் தினம் தட்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பாதமும் போகும் என்பது மருத்துவர் சொன்னது. கடை விலைக்குக் காய் வாங்கினால் மாத்திரைக்கு வழியில்லை. அந்தச் சங்கத்துப் பங்குதான் அவருடைய மிச்சக் காலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மாதக் கூட்டத்தில் பேச்சை எடுத்தவர் பொருளாளர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கர்.

"அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா மூணு மாசமா அவங்க மூட்டையத் தொடவே இல்ல. விதின்னா எல்லாருக்கும் விதிதானே?"

"அவங்கதான பங்கு சொல்றாங்க, சார். அது வேலை இல்லையா?" என்றாள் நர்ஸ்.

"சுவத்தப் பாத்து நிக்கிறது வேலையாம்மா? எங்க வீட்டுக் காலண்டரும் வருஷம் பூரா சுவத்துலதான் நிக்குது. அதுக்கும் ஒரு பங்கு போட்டுருவோமா?"

சிரித்தார்கள். அவள் முதுகின் தயவில் நசுங்காத தக்காளி தின்ற வாய்கள்தான் சிரித்தன.

"அக்கா வெச்ச விதிதான? அவங்களே சொல்லட்டும்" என்றான் மெக்கானிக்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "நான் என்னத்தத் தம்பி சொல்றது. நீங்களே பாத்துச் செய்யுங்க."

தலைவர் ஒரு பஸ் டிரைவர். பங்கை நிறுத்தச் சொல்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். பிறகு நிறுத்த வேண்டாம் என்பவர்களை. எண்ணிப் பார்த்தால் வேண்டாம் என்றவர்கள் பக்கம் ஒரு கை குறைந்தது. சமமாக வந்தால் பழையபடியே தொடர்வது அங்கே வழக்கம். நர்ஸ் முழங்கையால் அவளை இடித்தாள். "இடது கை நல்லாத்தான இருக்கு. தூக்குங்கக்கா."

அவள் தூக்கவில்லை. தன் வீட்டு அடுப்புக்குத் தானே கை தூக்குவது அவளுக்குப் பிச்சை கேட்பதுபோல் இருந்தது. அதை மானம் என்று நினைத்தாள். ஏழைக்கு இந்த மானத்தைச் சொல்லிக்கொடுத்தவன் எவன்? நிச்சயம் பசித்தவன் அல்ல. தன் பங்கைக் கேட்க ஜவுளிக்கடை முதலாளி ஒரு நாளாவது கூச்சப்பட்டாரா?

கூட்டம் கலைந்ததும் டிரைவர் பின்னாலேயே வந்தார். "அக்கா, சனிக்கிழமை வந்துருங்க. நீங்க சொல்லலன்னா அடிச்சுக்குவாங்க."

"அது வேலை இல்லன்னாங்களே, தம்பி."

"வேலைன்னு இல்லக்கா. ஒரு உதவிதான்."

போனாள். கடைசி நேரத்தில் யாருக்காவது மனசு இளகும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. காரை பெயர்ந்த அதே சுவர், ஆணி பிடுங்கிய அதே ஓட்டை. "இது யாருக்கு?" "பொருளாளர் வீடு." "இது?" "மெக்கானிக் வீடு." வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பழக்க தோஷத்தில் கேட்காமலே சொன்னாள்: "எங்க வீடு."

பின்னால் தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"குவியல் முடிஞ்சுருச்சுக்கா" என்றார் டிரைவர்.

உடனே திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. பைகளும் செருப்புச் சத்தமும் வாசலைத் தாண்டும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கட்டிலில் இருந்தபடி புருஷன் கேட்டார்: "இன்னிக்கி என்ன காய்?"

"வண்டி வரலீங்க."

எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டியின் வயசைச் சொல்லக்கூடியவர் அவர். விடியற்காலை ஜன்னல் வழியாக அந்த வண்டி வந்ததையும் போனதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"வரலியா. சரி, அடுத்த வாரம் வரும்" என்றார்.

அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

உங்கள் குடியிருப்பிலும், சங்கத்திலும், அலுவலகத்திலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். அவள் செய்வதை வேலை என்று சொல்லாமல் உதவி என்று சொல்லி, நீங்களும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். போய் உட்காருங்கள். அது வேலைதான் என்று எழுந்து சொல்லுங்கள். அவள் கை தூக்கமாட்டாள். நீங்கள் தூக்குங்கள்.