வரிசை அக்காவுக்கு ஸ்டாக் புரிந்த கதை

என் ஓரகத்திக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கே எல்லோரும் அவளை வரிசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் வந்தவர்தான் முதலில் போக வேண்டும்; பெரிய டாக்டரின் மச்சினனே வந்தாலும் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். வீட்டிலும் அதே கறார். காலையில் குளியலறைக்கு அவள் புருஷனே எனக்குப் பின்னால் துண்டோடு நிற்பார்.

அப்படிப்பட்டவளின் ஜன்னலுக்கு டோக்கன் மெஷின் வரப்போகிறது என்றார்கள். கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸ் செய்தால் அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம். இல்லையென்றால் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல்.

"உங்களையெல்லாம் விட்டுட்டு அந்த ஊர்ல தனியா என்னடி பண்ணுவேன்?" என்று அக்கா அழுதேவிட்டாள். மறுநாளே கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

ஸ்டாக் என்ற பாடம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். எடுக்கும்போது கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். கம்ப்யூட்டரில் தகவல்களை அப்படி அடுக்கினால் அது ஸ்டாக். மேலே வைப்பது புஷ், மேலிருந்து எடுப்பது பாப். டீச்சர் இவ்வளவுதான் சொன்னாராம். அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"அதெப்படி மேடம்? இப்ப வந்தவன் முதல்ல போவான்னா, அடியில கெடக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?"

மாதிரிப் பரீட்சையில் ஸ்டாக்குக்கு புரோகிராம் எழுதச் சொன்னால், பிடிவாதமாக முதலில் வைத்ததையே முதலில் வெளியே அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். முட்டை மார்க். அநியாயத்துக்குத் துணை போக மாட்டேன் என்று வீறாப்பு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நியாயத்தக் கட்டிக்கிட்டு அந்த ஊருக்கே போ!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த நாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலில் ஒரு பெரியவர், எலும்பு டாக்டர் எந்த அறையில் என்று கேட்டார். அக்கா மாடிக்கு போன் போட்டாள். பெரியவருடைய கார்டு நம்பர் வேண்டும் என்றார் போனை எடுத்த நர்ஸ். நம்பருக்கு அலமாரியைத் திறக்கப் போனால் பூட்டு. இழுப்பறையில் சாவியைத் துழாவி எடுத்து, அலமாரியைத் திறந்து, நம்பரை நர்ஸிடம் சொல்லி, அறையைக் கேட்டுப் பெரியவரிடம் சொன்னாள்.

"அக்கா, கடைசியா ஆரம்பிச்சது சாவி தேடுற வேலை. முதல்ல முடிஞ்சதும் அதான். முதல்ல வந்த பெரியவர் வேலை கடைசியில முடிஞ்சுது. இது மட்டும் அநியாயமில்லையா?"

முறைத்தாள். பிறகு வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி! இது ஆளுங்க வரிசை இல்லடி. பாதியில நிக்கிற வேலைங்களோட அடுக்கு. மேல இருக்கிறத முடிக்காம அடியில இருக்கிறத முடிக்கவே முடியாது!"

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நிஜப் பரீட்சையில் புரோகிராம் சொன்னபடி ஓடியது. வாய்மொழித் தேர்வில், ஸ்டாக்குக்குச் சொந்தமாக ஓர் உதாரணம் கேட்டாராம் தேர்வாளர்.

"நான்தான் சார்" என்றாளாம் அக்கா. "காலேஜ் முதல் வருஷத்துல படிப்பப் பாதியில வெச்சேன். அது மேல கல்யாணம். அது மேல புள்ளைங்க. அது மேல மாமியாருக்குப் பக்கவாதம். மேல இருந்து ஒவ்வொண்ணா முடிச்சு எடுத்தேன். இப்பதான் சார் அது என் கைக்கு வந்திருக்கு."

கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. மாற்றலும் இல்லை, மண்ணும் இல்லை. செய்தி வந்த அன்று நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். சாயங்காலம் பார்த்தால், மறுபடியும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள்.

"அதான் பாஸ் பண்ணியாச்சே, இன்னும் எதுக்குக்கா வகுப்பு?"

"வேலைக்குத்தானடி பாஸ் பண்ணேன்" என்றாள், செருப்பைப் போட்டபடி. "படிப்பு இன்னும் முடியலையே."