பாண் வாங்காத தெரு

அந்த மனுசியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், எங்கள் பகுதியின் கடைசி அறைக்கு அவள் வந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தாள். மூளை தெளிவு. நாக்கு அதைவிடத் தெளிவு. காலைக் கழுவிவிட நான் குனிந்தபோது, "உன்ர கை ஊத்தையோ, இல்லாட்டி நிறமே அப்பிடியோ?" என்று கேட்டாள். டேனிஷ் மொழியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று இத்தனை வருடமாக என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அவள் சொன்ன 'நீ'க்கு அந்தச் சமாதானம் சரிவரவில்லை.

மற்ற அறைகளில் நான் காலநிலையைப் பற்றிக் கதைப்பேன், பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பேன். அவளுடைய அறையில் 'கையைத் தூக்கு', 'திரும்பு' என்பதற்கு மேல் எதுவும் கதைப்பதில்லை.

அவளுக்கு எதிர் அறையில் ஒரு கிழவர் இருந்தார். இருவரும் ஓல்போர்க்குக்குத் தெற்கே ஒரே சிற்றூரில் பிறந்தவர்கள் என்பது அவள் வந்த வாரமே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் அவளைக் கண்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "பேக்கரிக்காரன்ர மகளோட ஒரு மேசையில நான் சாப்பிடமாட்டன்" என்றார். எங்கள் பொறுப்பாளர் பெண் இளையவள். மேசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னிடம், "உலகப்போர் காலத்துச் சண்டையாம். இன்னும் முடியேல்லை" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட சண்டைகள் முடிவதில்லை என்று எனக்குத் தெரியும்.

மே நான்காம் திகதி மாலை டென்மார்க்கில் ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். இங்கிருந்த ஜெர்மன் படை சரணடைந்தது என்று வானொலி சொன்ன அந்த மாலையில், சனங்கள் ஐந்து வருடமாகத் தொங்கிய கறுப்புத் திரைகளைக் கிழித்துப்போட்டு விளக்கேற்றினார்களாம். எங்கள் இல்லத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை, பற்றரி மெழுகுதிரிதான். பொறுப்பாளர் ஒரு தட்டு நிறையத் தந்தாள். ஒவ்வொரு ஜன்னலாக வைத்துக்கொண்டு வந்து கடைசி அறையிலும் ஒன்றை வைத்தேன். அவள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அதை எடுத்து என் மேல் எறிந்தாள். தோள் எலும்பில் பட்டது.

"எல்லா அறையிலயும் வைக்கச் சொன்னது. நான் என்ர வேலையைச் செய்யிறன்" என்றேன்.

"உன்ர வேலையை என்ர ஜன்னலில செய்யாதே."

திறந்திருந்த கதவுக்கு வெளியே எதிர் அறைக் கிழவரின் குரல் கேட்டது. "அவளுக்கு என்னத்துக்கு விளக்கு? அவை தோத்த ஆக்கள்."

நான் கதவைச் சாத்தினேன். தோள் வலித்தது. "என்மேல எறிய உனக்கு உரிமையில்லை. நான் முறைப்பாடு செய்யப்போறன்" என்றேன்.

"செய். முதல் இதைக் கேட்டுட்டுப் போய்ச் செய்" என்றாள்.

நின்றுகொண்டே கேட்டேன்.

ஜெர்மன்காரர் புகுந்த காலையில், ஓல்போர்க் விமானத்தளத்தைப் பிடிக்கப் போன விமானங்கள் அவர்களுடைய பேக்கரிக்கு மேலாகத்தான் பறந்தனவாம். அடுத்த வருடம் ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் இறங்கியது. அவர்களோடு சேர்ந்து சண்டை பிடிக்க டென்மார்க்கிலிருந்தும் ஒரு தொண்டர் படை புறப்பட்டது. அவளுடைய ஒரே அண்ணன் அதில் சேர்ந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்காத வயது.

"போகவேண்டாம் எண்டு அப்ப அரசாங்கம்கூடச் சொல்லேல்லை. எங்கட தெருப் பொம்பிளையள் அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் குடுத்தவை" என்றாள்.

அடுத்த கோடையில் ரஷ்யாவின் வடமேற்கில், தெம்யான்ஸ்க் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் அவன் செத்துப்போனான். ஜெர்மனி வென்றுகொண்டிருந்த காலம் அது. துக்கம் விசாரிக்க ஊரே வந்தது. சில மாதத்தில் எகிப்தின் எல் அலமேனில் ஜெர்மன் படை தோற்று ஓடுவதாக லண்டன் வானொலியைக் களவாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். தெருவின் மறு கரையில் இருந்த தையற்காரர் வேறு எங்கேயோ பாண் வாங்கத் தொடங்கினார். ஸ்டாலின்கிராட்டில் ஒரு முழுப் படையே சரணடைந்த கிழமை, பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை எழும்பி வேறு வாங்கில் போய் இருந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் ஓல்போர்க்கில் ஜெர்மன்காரருக்கு எதிரான வேலைநிறுத்தம் வெடித்தபோது பேக்கரியின் கண்ணாடி உடைந்தது. நோர்மண்டியில் நேசப்படைகள் இறங்கிய பிறகு அவர்களிடம் பாண் வாங்கியது ஜெர்மன் சிப்பாய்கள் மட்டுந்தான். அவர்களுக்கு விற்றது பிறகு இன்னொரு குற்றமாகச் சேர்ந்தது.

விடுதலை மாலையில் அவளுடைய தாயும் ஜன்னலில் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். "அம்மாவுக்கும் சந்தோசந்தான். சண்டை முடிஞ்சிட்டுது எண்டு நினைச்சா." உனக்கு அந்த உரிமை இல்லை என்று கத்திக்கொண்டு யாரோ கல்லெறிந்தார்கள். தாயின் கன்னம் வெட்டுப்பட்டது. மறுநாள் எதிர்ப்பு இயக்கத்தின் கைப்பட்டி கட்டியவர்கள் லொறியில் வந்து தகப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்தவர்களில் எதிர் அறைக் கிழவரின் தகப்பனும் ஒருவர். அவருடைய மூத்த மகனை ஜெர்மன்காரர் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

எனக்குப் பரிதாபம் வரவில்லை. கோபந்தான் வந்தது. அது அவள்மீதா, அந்தத் தெருவின்மீதா, எங்கள் ஊர்மீதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"எனக்கும் ஒரு அண்ணன் இருந்தவர்" என்றேன். இந்த நாட்டில் யாருக்கும் அதை நான் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் என் அண்ணை ஓர் இயக்கத்துக்குப் போனவர். அந்த இயக்கத்தை இன்னோர் இயக்கம் அழித்தபோது, உயிர் தப்ப ஆமிக்காரரின் முகாமுக்குள் ஓடினார். பிறகு சுற்றிவளைப்புகளில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, இவனைப் பிடி, அவனை விடு என்று தலையாட்டியது அவர்தான் என்று ஊர் சொன்னது. உண்மையோ பொய்யோ எனக்கு இன்றுவரை தெரியாது. ஆமியின் கை ஓங்கிய மாதங்களில், பிடிபட்ட பிள்ளைகளை விடுவித்துத் தரச்சொல்லி அதே சனம் எங்கள் வாசற்படலையில் வந்து நின்றது. முகாம் விழுந்த பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூட ஒருவரும் வரவில்லை. அண்ணையைச் சந்தியில் சுட்டுப் போட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போய்த் தூக்கிவந்தார்கள். செத்த வீட்டுக்கு ஊரில் ஒரு சனமும் வரவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அவள், "மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு போ" என்றாள். முறைப்பாடு செய்யும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து, பின்னேரக் கோப்பி நேரத்தில் மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் அவளுடைய நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி பொறுப்பாளரிடம் சொன்னாள்: "இவளை என்ர அறைக்கு அனுப்பாதே. இவளின்ர அண்ணன் துரோகி. ஆமிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தவன்."

பொறுப்பாளர் விளங்காமல் என்னைப் பார்த்தாள். எதிர் அறைக் கிழவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அவர்கள் இருவரும் பொருட்டில்லை. கேக் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற பெண்ணைத்தான் நான் பார்த்தேன். அவளும் யாழ்ப்பாணம். பல வருடமாக மத்தியானத்தில் என்னோடு சோறு பகிர்ந்து சாப்பிட்டவள். அவளுடைய தம்பி ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பி வராதவன். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டாள். அந்த மாதக் கடைசியில் கோயிலில் நான் போய் உட்கார்ந்த வரிசையில் இரண்டு பெண்கள் எழும்பி முன்னுக்குப் போனார்கள்.

அன்றிரவு வீட்டில் என் கணவர் சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார். "இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனீர். போயும் போயும் ஒரு வெள்ளைக்காரிக்கு ஏன் சொன்னனீர்?"

"அவவுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

"விளங்கினபடியால்தானே செய்தவ" என்றார்.

மறுநாள் காலை அவளைக் குளிக்கவார்க்கும்போது கேட்டேன். "ஏன் சொன்னனி?"

அவள் கண்ணை மூடவில்லை. "இவ்வளவு காலமும் நான் தனிய இருந்தன். இப்ப நீயும் இருந்து பார்" என்றாள்.

துவாயை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, நடையின் மறுகோடிவரை நடந்தேன். பிறகு திரும்பிப் போய்த் துடைத்துவிட்டேன். என்னை வேறு பகுதிக்கு மாற்றுவதாகப் பொறுப்பாளர் சொன்னாள். வேண்டாம் என்றேன். அந்த மனுசியின் விருப்பப்படி நான் ஒதுங்கிப்போகத் தயாராக இருக்கவில்லை. மாசி மாதம் வரை அவளைத் தூக்கினேன், துடைத்தேன், உடுப்பு மாற்றிவிட்டேன். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் செத்த காலையில் கடமையில் இருந்தது நான். கண்ணை மூடிவிட்டு, இங்கத்தைய வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைத்தேன். பெட்டி வெளியே போகும்போது வாசலில் கூடி நின்று பாடுவதும் எங்கள் இல்லத்து வழக்கந்தான். கிழவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்கென்று உறவுக்காரர் ஒருவரும் வரவில்லை. பொறுப்பாளர் தொடங்க மூன்று நான்கு பேர் பாடினார்கள். நான் பாடவில்லை. சமையலறைப் பெண் எனக்கு எதிர்ப்பக்கத்தில் ஏப்ரனோடு நின்றாள். வண்டி புறப்பட்டதும், என்னைப் பாராமல் உள்ளே போனாள்.

அறையை வெறுமையாக்கும் வேலை எனக்கு வந்தது. மெத்தையைக் கழற்றிக் கட்டிலைக் கழுவினேன். பின்னேரத்துக்குள் அடுத்தவர் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினார்கள்.